கடல் தொட்டியில் வேட்டை மீன்கள்: தரைக் கணக்கு முதல் தீனி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கடையில் பேந்தர் குரூப்பர் 8 செ.மீ. குட்டியாக நிற்கும். வெள்ளை உடம்பில் கறுப்புப் பொட்டு, தலையைத் தாழ்த்தி நீந்தும் நடை, பார்த்ததும் வாங்கத் தோன்றும். அது 70 செ.மீ. வரை வளரக்கூடிய ஒரு களவா. வேட்டை மீன் வளர்ப்பில் தோற்றவர்கள் பெரும்பாலும் இந்தக் குட்டியிலிருந்துதான் தொடங்கியிருப்பார்கள்: முதலில் மீன், அப்புறம் அதற்கு ஏற்ற டேங்க், அப்புறம் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், கடைசியில் தரை தாங்குமா என்ற கவலை. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

கீழே வரும் கணக்கெல்லாம் சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டில் 6×2×2 அடி டேங்க் வைப்பவருக்காகப் போட்டது. ஊர் மாறினால் சில்லர் அளவும் தண்ணீர் விஷயமும் மாறும். மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும்.

1. மீனைத் தாளில் முடிவு செய்யுங்கள்

டேங்க் அளவு, ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் கருவி) அளவு, மூடியின் வலு எல்லாமே மீன் முழு வளர்ச்சியில் எவ்வளவு பெரிதாகும் என்பதைப் பொறுத்தவை. அதனால் பட்டியல் முதலில் தயாராக வேண்டும். பணம் கடைசியில் போனால் போதும்.

6×2×2 அடிக்கு நான் சொல்லும் கூட்டணி இது: ஒரு வொலிடன்ஸ் லயன் (விஷ முள் கொண்ட சிங்கமீன், 38 செ.மீ. வரை), ஒரு ஸ்னோஃப்ளேக் ஈல் (அஞ்சாலை இனம், தொட்டியில் 60, 70 செ.மீ. ஆகும்), ஒரு நைஜர் ட்ரிகர் (கிளாத்தி இனம், கடலில் 50 செ.மீ. வரை, தொட்டியில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு). நைஜர் வேண்டாம் என்றால் அந்த இடத்தில் ஒரு மினியாட்டஸ் குரூப்பர். இரண்டையும் சேர்த்து வைக்க ஆசை வரும். ஒரு வருடம், மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட்டைக் கட்டுக்குள் வைத்துக் காட்டிய பிறகு யோசிக்கலாம்.

இந்த அளவு டேங்குக்குப் பேந்தர் குரூப்பர் வேண்டாம். க்ளௌன் ட்ரிகரும் வேண்டாம், வளர வளர அடாவடி கூடி, கூட இருப்பவர்களைக் கடித்துக் குதறும். பாக்ஸ்ஃபிஷ், கௌஃபிஷ் பக்கமே போகாதீர்கள். மிரண்டாலோ செத்தாலோ தோலிலிருந்து விஷம் கசியும், மூடிய தொட்டியில் அது எல்லா மீனையும் சேர்த்துக் கொண்டுபோகும். வாயில் நுழைகிற எதுவும் தீனிதான் என்பதால் நீமோ, டாம்சல் போன்ற சின்ன மீன் வகையறா இந்தப் பட்டியலில் வராது.

மீன் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகிவிட்டால் யார் எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் இப்போதே கடைக்காரரிடம் பேசி வையுங்கள். கடலில் கொண்டுபோய் விடுவது வழி அல்ல, தொட்டியில் பிடித்த நோயும் கூடவே போகும்.

2. தரை தாங்குமா?

6×2×2 அடி டேங்கில் தண்ணீர் மட்டும் 680 லிட்டர் பிடிக்கும். 12 மி.மீ. கண்ணாடி சுமார் 120 கிலோ. கல், ஸ்டாண்டு, கீழே சம்ப் (வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத் தொட்டி), எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும். அது நிற்கும் இடமோ 1.1 சதுர மீட்டர்தான்.

குடியிருப்பு அறைகளுக்கு ஐ.எஸ். 875 தரவிதி வைத்திருக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், ஏறக்குறைய 200 கிலோ. இது அறை முழுதும் பரவிய சுமைக்கான கணக்கு. அதற்காக மாடியில் டேங்கே வைக்கக் கூடாது என்று இல்லை, ஆனால் ஹாலின் நடுவில் வைக்கவே கூடாது. பீமுக்கு மேலே, அல்லது சுமை தாங்கும் சுவரை ஒட்டி, பீமுக்குக் குறுக்கே நீளவாக்கில் வைத்தால் பாரம் பிரியும். கட்டட வரைபடத்தை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தரைத்தளம் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

3. டேங்க், சம்ப், மூடி

உயரத்தைவிட அகலம் முக்கியம். லயன் திரும்புவதற்கு இடம் வேண்டும். ஒன்றரை அடி அகல டேங்கில் வளர்ந்த லயன் திரும்பும்போதெல்லாம் முள்நுனி கண்ணாடியில் உரசும்.

சம்ப் இல்லாமல் இந்த மீன்களுக்கு டேங்க் ஓட்டுவது வீண் வேலை. ஸ்கிம்மர், ஹீட்டர், சென்சார் எல்லாம் சம்பில் இருக்க வேண்டும். ட்ரிகர் கையில் கிடைத்ததைக் கடித்துப் பார்க்கும் மீன், வயரும் அதில் அடக்கம். ஸ்கிம்மர் வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் லிட்டரை நம்பாதீர்கள். உங்கள் மொத்தத் தண்ணீரைப் போல் இரண்டு மடங்குக்கு என்று சொல்லும் மாடலை எடுங்கள், ஏனென்றால் அந்த அளவுகள் கொஞ்சமாகச் சாப்பிடும் சின்ன மீன்களை மனதில் வைத்துப் போட்டவை.

சம்ப் வைத்ததும் ஒரு சோதனை. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். மேல் டேங்கில் ஒரு அங்குலம் தண்ணீர் இறங்கினால் 28 லிட்டர் கீழே வரும். சம்பிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழமாக இருந்தால், அந்த ஆழம் வரை தண்ணீர் சைஃபனில் இறங்கிக்கொண்டே இருக்கும். சம்ப் நிரம்பி வழியும், கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். குழாயின் வாயை மேல்மட்டத்துக்கு அருகில் வையுங்கள், சம்பில் அந்தத் தண்ணீருக்கு எப்போதும் காலி இடம் விட்டு வையுங்கள்.

மூடி. ஈல் வைப்பவர்களுக்கு மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருக்கவே கூடாது. வயர் போகும் மூலை, தண்ணீர் சம்புக்கு வழியும் ஓவர்ஃப்ளோவின் பல்லிடுக்கு, குழாய் திரும்பும் வளைவு, மூன்றையும் பாருங்கள். ஸ்னோஃப்ளேக் இரவில் மூக்கால் ஒவ்வொரு விளிம்பாகத் தடவிக்கொண்டே போகும். லேசான மூடியைத் தலையால் தூக்கிவிடும், அதனால் மேலே கனம் வேண்டும். காலையில் சோஃபாவுக்கு அடியில் காய்ந்த ஈலைக் கண்டெடுத்தவர்கள் நிறையப் பேர்.

4. கல் அடுக்குதல்

கல்லை மணல் மேல் அடுக்காதீர்கள். கண்ணாடித் தளத்தில் நேராக வைத்து, அப்புறம் மணல் போடுங்கள். ஈல் அடியில் புகும், ட்ரிகர் மணலை ஊதித் தோண்டும், மேல் கல் சரியும். தேவையான இடங்களில் எபாக்ஸி வைத்து ஒட்டிவிடலாம்.

லயன் தலைகீழாகத் தொங்கக் குடை போன்ற ஒரு நிழல்கல், ஈலுக்கு இரண்டு வாசல் உள்ள குழாய் அல்லது குகை, ட்ரிகர் இரவில் நுழைந்து தன்னைப் பூட்டிக்கொள்ள ஓர் இடுக்கு. அவ்வளவு போதும். மீதி இடம் நீந்துவதற்கு.

காய்ந்த செராமிக் கல்லையே வாங்குங்கள். கல் பவளங்கள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருப்பவை. செத்த பவளத் துண்டுகளும் அதில் சேரும். ‘ராமேஸ்வரம் சரக்கு’ என்று ரகசியக் குரலில் யாராவது லைவ் ராக் (கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் ஒட்டிய கல்) நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடல் குதிரை, கடல் அட்டை, ராட்சதக் களவா இவற்றுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு.

5. குளிர்ச்சியும் கரண்டும்

இலக்கு 24 முதல் 26 டிகிரி. சென்னை மே மாதத்தில் சில்லர் இல்லாத டேங்க் 31, 32 டிகிரிக்குப் போகும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதே நேரத்தில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். பெரிய மீன், வயிறு நிறையத் தீனி, இரவு நேரம், மூன்றும் சேர்ந்தால் காலையில் மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து நிற்கும்.

இந்த அளவுக்கு அரை ஹெச்.பி. சில்லர் எடுங்கள். சில்லர் தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அறைக்குள்தான் விடும். மூடிய ஸ்டாண்டுக்குள் வைத்தால் தன் சூட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும், கரண்டு பில் ஏறும், குளிர்ச்சி வராது. பால்கனி அல்லது ஜன்னலோரம் நல்லது.

இன்வெர்ட்டரில் சில்லரைப் போட வேண்டாம். தண்ணீரைச் சுழற்றும் வேவ்மேக்கர் ஒன்றையும் ஏர் பம்பையும் மட்டும் போடுங்கள். தண்ணீர் சூடாகச் சில மணி நேரம் பிடிக்கும், ஆக்சிஜன் அதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

6. தண்ணீரும் உப்பும்

கல் உப்பைக் கரைத்து ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வெறும் சோடியம் குளோரைடு. கடல்நீரில் இருக்கும் மக்னீசியம், கால்சியம், பைகார்பனேட் எதுவும் அதில் தேவையான அளவு இருக்காது. பிஹெச்சைப் பிடித்து நிறுத்த ஆள் இருக்காது. மெரினாவில் கேன் பிடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வடக்கே கூவம், தெற்கே அடையாறு, இரண்டின் முகத்துவாரமும் பக்கத்தில்தான். வடகிழக்குப் பருவமழையில் உப்பும் குறையும், அழுக்கும் கூடும்.

மரைன் சால்ட்டும் ஆர்.ஓ. தண்ணீரும்தான் சரியான வழி. வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ.வில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) கூட்டும் திருகு இருக்கும், அது வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். அதை மூடுங்கள், அல்லது தனி யூனிட் வாங்குங்கள். டி.டி.எஸ். மீட்டரில் 10-க்குக் கீழே வர வேண்டும்.

சம்பும் சேர்த்து 750 லிட்டர் என்று வைத்தால், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் முதல் நிரப்புக்கு 26, 27 கிலோ உப்பு ஆகும். தண்ணீரில் உப்பைக் கொட்ட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கெட்டியான கரைசலில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளைப் படிவாக இறங்கிவிடும், பிறகு கரையாது. ஒரு இரவு பம்ப் போட்டுச் சுழற்றி, காலையில் ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பின் அளவைக் காட்டும் கருவி) பாருங்கள். ஒப்படர்த்தி 1.023 முதல் 1.025 இருக்க வேண்டும்.

தினமும் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். குறைந்த மட்டத்துக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி 1.030-இல் டேங்கை ஓட்டிக்கொண்டு, மீன் ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்பவர்கள் உண்டு.

7. சைக்கிள்: இங்கே அவசரப்பட்டால் எல்லாம் போச்சு

வேட்டை மீன் வாரத்துக்கு இரண்டு மூன்று முறைதான் சாப்பிடும், ஆனால் வயிறு முட்டச் சாப்பிடும். அன்று இரவு அம்மோனியா ஒரே மூச்சில் ஏறும். அந்த ஒரு இரவைத் தாங்குகிற அளவுக்கு, அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா கல்லில் குடியேறியிருக்க வேண்டும். அதைக் குடியேற்றுவதுதான் சைக்கிள். சின்ன மீன் டேங்குக்குப் போதும் என்று சொல்லும் சைக்கிள் இங்கே போதாது.

அம்மோனியம் குளோரைடு போட்டு அம்மோனியாவை 2 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) கொண்டுவாருங்கள். தினமும் சோதியுங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் சேரும். மறுபடி 2 பிபிஎம் போட்டால் 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் ஆக வேண்டும். 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதன் பிறகு பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை யோசிக்கலாம்.

8. கடையில்

சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் வாங்கினாலும் எங்கே வாங்கினாலும், மீன் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ‘நேத்துதான் சாப்பிட்டுது’ கணக்கில் வராது. லயன் என்றால் செத்த இறாலை எடுக்கிறதா, உயிர் மீன் மட்டும்தானா என்று கேளுங்கள். கண் மங்கலில்லாமல் இருக்க வேண்டும், தலைக்குப் பின்னால் முதுகுச் சதை குழி விழாமல் இருக்க வேண்டும், செவுள் ஒரே சீராக அடிக்க வேண்டும்.

லயனின் தோலில் மெல்லிய வெள்ளை ஏடு உரிந்தால் பயப்பட வேண்டாம். அந்த இனம் அவ்வப்போது மேல்தோலை உதிர்க்கும், உடம்பை உதறி ஏட்டைத் தள்ளும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுபவர்கள்தான் ஆபத்து. வெள்ளைப் புள்ளி நோய் என்றால் உப்புத் தூள் தூவியது போல் தனித்தனியாகத் தெரியும்.

லயனை வலையில் எடுக்க விடாதீர்கள், முள் சிக்கும், பையையும் குத்தும். டப்பாவில் தண்ணீரோடு மொண்டு எடுக்கச் சொல்லுங்கள்.

9. குவாரண்டைன்

புதிய மீனைப் பெரிய டேங்கில் விடும் முன் தனியாக வைத்துப் பார்க்க ஒரு 150 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்சு ஃபில்டர், ஒளிய இரண்டு பி.வி.சி. குழாய். கல்லும் மணலும் வேண்டாம், அவை வெள்ளைப் புள்ளிக்குப் போடும் தாமிர மருந்தை உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்சை முன்கூட்டியே சம்பில் போட்டு வைத்தால் பாக்டீரியா ஏறியிருக்கும். ஒவ்வொரு மீனுக்கும் 30 நாள்.

வெளியூரிலிருந்து பல மணி நேரம் பையில் வந்த மீனுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குவது தப்பு. பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும், அம்மோனியா அதிகக் கேடு செய்யாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏறும், அதே அம்மோனியா நஞ்சாகும். குவாரண்டைன் தொட்டியின் உப்பு அளவை பைத் தண்ணீரோடு பொருத்தி வைத்துக்கொண்டு, பையை மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன் செய்து, திறந்ததும் மீனை மாற்றிவிடுங்கள். பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணி சில நாள் மீன்மேல் இருக்கும், பிறகு உதிர்ந்து கூடு கட்டும், அந்தக் கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் நீந்தி வரும். தாமிரம் அந்த நீந்தும் பருவத்தை மட்டும்தான் கொல்லும். புள்ளி மறைந்த மறுநாள் மருந்தை நிறுத்துபவர்களுக்கு நோய் திரும்பி வருவது இதனால்தான். மருந்துக்கு மருந்து அளவு வேறு, அதற்கேற்ற டெஸ்ட் கிட் இல்லாமல் தொடாதீர்கள். ஈலுக்குத் தாமிரம் வேண்டவே வேண்டாம். தனியாக வைத்துக் கவனித்தால் போதும்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் என்ன விலை தெரியுமா? பெரிய டேங்கில் ஒருமுறை புள்ளி நுழைந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, 10, 11 வாரம் டேங்கை மீனில்லாமல் வெறும் தண்ணீரோடு ஓட்ட வேண்டும்.

10. யார் முதலில்?

லயன் முதலில். வெட்கப்படும் மீன், பகலில் நிழலில் தொங்கும். யாரும் விரட்டாத டேங்கில் அதற்குப் பசி வரும். அது தைரியமாக முன்னால் வந்து தீனி கேட்கும் வரை அடுத்த மீன் வேண்டாம். இரண்டாவது ஈல். ட்ரிகர் அல்லது குரூப்பர் கடைசியில். இவை முன்பே இருந்தால் டேங்க் முழுவதும் தங்கள் இடம் என்று நினைக்கும், புதிதாக வரும் லயனின் விசிறித் துடுப்பைக் கடித்து நாராக்கும். குரூப்பரின் வாயில் லயன் நுழையாத அளவு வித்தியாசமும் வேண்டும்.

ட்ரிகர் இடுக்கில் போய்ப் பூட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். முதுகின் முதல் முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. அதற்குப் பின்னால் இருக்கும் சின்ன இரண்டாம் முள்ளை அழுத்தினால் பூட்டுத் திறந்து முதல் முள் படியும்.

11. தீனி

முதல் வேலை உயிர்த் தீனியிலிருந்து மாற்றுவது. லயன் அசைவதைத்தான் தீனி என்று நினைக்கும். சின்ன உயிர் இறாலில் தொடங்குங்கள். சாப்பிடப் பழகியதும், செத்த இறாலை நீண்ட அக்ரிலிக் குச்சியின் நுனியில் செருகி, விளக்கைக் குறைத்த மாலை நேரத்தில், அதன் கண்ணுக்கு முன்னால் ஓர் அடி தூரத்தில் லேசாகத் துடிக்க விடுங்கள். நேராக முகத்தில் நீட்டினால் பின்வாங்கும். இறால் தப்பி ஓடுவது போல் குறுக்கே நகர்த்த வேண்டும். துடுப்புகளை விரித்து ஒரு மூலைக்கு ஒதுக்கும், ஒரு நொடி நிற்கும், அப்புறம் இறால் இருக்காது. முதல் நாளே எடுக்கவில்லை என்றால் பட்டினி போட்டு மறுநாள் முயலுங்கள்.

தங்கமீன், கப்பி போன்ற நன்னீர் மீன்களை ஊட்டி வளர்க்காதீர்கள். அவற்றின் கொழுப்பு கடல் மீனுக்கு ஒத்துவராது, ஈரல் கெடும். தங்கமீனில் தயாமினேஸ் என்ற நொதியும் உண்டு, அது பி1 வைட்டமினை அழிக்கும். நெத்திலியிலும் அது இருக்கிறது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. ஆகவே நெத்திலி எப்போதாவது மட்டும். அன்றாடத் தட்டில் ஓட்டோடு இறால், கணவாய்த் துண்டு, வெள்ளைச் சதை மீன், மட்டிச் சதை. மாற்றி மாற்றி, வாரம் ஒருமுறை வைட்டமினில் ஊறவைத்து. கோழி, மாட்டுச் சதை வேண்டாம்.

துண்டின் அளவு மீனின் இரு கண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. லயன் தன் வாய்க்குப் பெரியதையும் விழுங்கப் பார்க்கும், தொண்டையில் சிக்கிச் செத்த லயன்கள் உண்டு.

வளர்ந்த லயன், குரூப்பர், ஈல் இவற்றுக்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை. குட்டிகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். ட்ரிகருக்குத் தினமும் கொஞ்சம், ஓட்டோடு. அதன் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய வேண்டும். கண்ணாடி முன் நீங்கள் நின்றாலே எல்லாம் ஓடி வந்து வாலாட்டும். அது பசி அல்ல, உங்களை அடையாளம் தெரிந்துகொண்டது. இரக்கப்பட்டு ஊட்டினால் ஈரலில் கொழுப்பு ஏறும்.

ட்ரிகரை ஒரு மூலையில் முதலில் கவனித்துவிட்டு, அது மென்றுகொண்டிருக்கும்போது மறுமூலையில் லயனுக்குக் கொடுங்கள். ஈலுக்குக் கண் பார்வை மட்டம், மோப்பம்தான் எல்லாம். நீண்ட இடுக்கியால் குகை வாசலில் நீட்டுங்கள். விரலால் ஒருபோதும் வேண்டாம், விரலில் இறால் வாசனை இருக்கும். புதிய ஈல் இரண்டு மூன்று வாரம் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம்.

12. வாரா வாரம்

வாரம் 10 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள், அதாவது 75 லிட்டர். அதே உப்பு அளவு, அதே சூடு. நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் கீழே நிற்கவில்லை என்றால் மாற்றும் தண்ணீரைக் கூட்டுவதற்கு முன் தீனியைப் பாருங்கள். சாப்பிடாமல் கல்லுக்குப் பின்னால் விழுந்த துண்டை அன்றே எடுத்துவிட வேண்டும். ஸ்கிம்மர் கப்பின் கழுத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் நுரை ஏறாது.

ஊருக்குப் போகிறீர்களா? வளர்ந்த மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் இருக்கும். ஒன்றும் ஆகாது. டேங்க் பார்த்துக்கொள்ள வருபவரிடம் தண்ணீர் மட்டத்தையும் வெப்பத்தையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், தீனி டப்பாவைக் கையில் கொடுக்காதீர்கள்.

13. லயன் முள் குத்தினால்

முதுகில் 13, வயிற்றுத் துடுப்பில் 2, பின்துடுப்பில் 3, ஆக 18 விஷ முள். டேங்குக்குள் கைவிடும் முன் லயன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வேலை முடியும் வரை யாராவது ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருக்கட்டும், அல்லது நடுவில் ஒரு அக்ரிலிக் தடுப்புப் பலகை.

குத்திவிட்டால் உடனே கையை வெந்நீரில் வையுங்கள், 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. அந்த விஷம் புரதம், சூட்டில் சிதையும். வலிக்கும் கைக்குச் சூடு தெரியாது, அதனால் மறு கையால் சூடு பாருங்கள். 30 முதல் 90 நிமிடம், தண்ணீர் ஆற ஆற மாற்றிக்கொண்டு. ஐஸ் வைக்காதீர்கள், கீறாதீர்கள், கட்டு இறுக்காதீர்கள். முள் துண்டு உள்ளே இருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் வேண்டும், ஆகவே வலி குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூச்சுத் திணறல், மயக்கம், முகம் வீங்குதல் ஏதாவது தெரிந்தால் வெந்நீருக்காகக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.